மழை லீவு பட்டாளத்துக்கும் உண்டா? நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊரில் சர்வீஸ்காரர் குடும்பங்களுக்கு பென்ஷன் மனு, ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) வேலை எல்லாம் பார்த்துக் கொடுப்பதால், லீவு சந்தேகமும் என்னிடமே வரும். இந்த முறை ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள்.

ஒருவர் ஆவடியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி, கணவர் சிப்பாய். "அண்ணா, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு. கவர்மென்ட் ஆபீசும் லீவு. இவர் கூடவே வேலை பாக்கற சிவிலியன் வீட்ல இருக்கார். இவர் மட்டும் முழங்கால் தண்ணில பைக்கைத் தள்ளிக்கிட்டுப் போகணுமா?" என்றார். இன்னொருவர் தன் யூனிட்டுக்கு மழைக்கால நடைமுறை ஆணை எழுதிக்கொண்டிருக்கும் இளம் சுபேதார். "லீவு விட்டா கார்டு டூட்டி யார் நிக்கறது? விடலேன்னா வழியில ஒருத்தன் அடிபட்டா யார் பதில் சொல்றது? நீங்க டூட்டி ரோஸ்டர் போட்ட ஆள், ஒரு வழி சொல்லுங்க அண்ணே" என்றார்.

இரண்டும் ஒரே கேள்விதான். ஒருவர் வாசலில் நின்று கேட்கிறார், இன்னொருவர் மேசையிலிருந்து கேட்கிறார். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

## முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

மாநில அரசு மழைக்கு விடும் விடுமுறை ராணுவத்தைக் கட்டுப்படுத்தாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காக சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை விட்டார்கள். அப்படி விடும்போதே போலீஸ், தீயணைப்பு, மின்சாரம், குடிநீர், பால், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிடுவார்கள். ராணுவம் மத்திய அரசின் கீழ் இருப்பதால் அந்தப் பட்டியலிலேயே வராது. அங்கே முடிவு அந்தந்த ஸ்டேஷன் தலைமையகத்திடமும் யூனிட்டின் தளபதியான சி.ஓ.விடமும் இருக்கிறது.

கூட வேலை பார்க்கும் சிவிலியன் கதை வேறு. அவர் மத்திய அரசு ஊழியர். வெள்ளத்தால் போக்குவரத்து நின்று வர முடியாமல் போனால் சிறப்புத் தற்செயல் விடுப்பு கொடுக்க அவருக்கு விதி இருக்கிறது. அக்னிவீர் அல்லாத சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும், அதற்கு மேல் தற்செயல் விடுப்பும் உண்டு. ஆனால் விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது, சேவைத் தேவை முதலில் என்பதுதான் அடிப்படை விதி.

ஆகவே மழை நாளில் நாம் பேசுவது கணக்கில் கழியும் லீவைப் பற்றி அல்ல. "இன்று ஃபாலினுக்கு (காலை அணிவகுப்புக்கு) வர வேண்டாம், வீட்டில் இரு, கூப்பிட்டால் வா" என்ற உத்தரவைப் பற்றி. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். சிப்பாய் அப்போதும் டூட்டியில்தான் இருக்கிறான். நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

ஒன்று, நிற்கவே கூடாத வேலைகள். குவார்ட்டர் கார்டு, ஆயுதங்கள் இருக்கும் கோத், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச், மருத்துவ அறை, ஜெனரேட்டர், லங்கர் என்ற சமையல் கூடம். யூனிட்டில் இருக்கும் ஆட்களில் இவை கேட்பது சின்னப் பங்குதான். ஆனால் அந்தப் பங்கில் ஓர் ஆள்கூடக் குறையக் கூடாது.

இரண்டு, வழி. வெளியே வீடு எடுத்துத் தங்கியிருப்பவன் வேலைக்கு வந்து சேரும் அந்த ஏழெட்டு கிலோமீட்டர்தான் மழை நாளில் அவனுக்கு மிகவும் ஆபத்தான இடம். வந்து சேர்ந்தபின் பாராக் (சிப்பாய்கள் தங்கும் கட்டடம்) கூரையின் கீழ் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்று, மறுநாள். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். புயல் அடிக்கும் நேரத்தில் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. காற்று நின்ற பிறகுதான் மரம் அறுப்பதும், படகு இறக்குவதும், மொட்டை மாடியில் நிற்பவர்களை இறக்குவதும் தொடங்குகிறது. மாவட்ட நிர்வாகம் ராணுவத்தைக் கூப்பிடுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் ஆள் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, காய்ந்த துணியோடு நிற்கிறானா என்பதே கேள்வி.

நான்கு, வீடு. பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளை வீட்டில். தரைத்தள வீடு என்றால் அரிசி மூட்டையை மேலே ஏற்றக்கூட ஓர் ஆள் வேண்டும். கணவன் மனைவி இருவருமே சர்வீஸில் இருந்தால் இன்னும் கஷ்டம். பரங்கிமலை அகாடமியில் 1992 முதல் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற்று வருகிறார்கள், அப்படிப்பட்ட தம்பதிகள் இன்று அரிதில்லை.

ஐந்து, நியாயம். உள்ளே பாராக்கில் தங்கும் தனி ஆள், வெளியே தங்கும் குடும்பஸ்தன் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இவர்களில் ஒருவர் தலையில்தான் சுமை கூடுதலாக இறங்கும்.

## வழி 1: யாருக்கும் கிடையாது, எல்லாரும் ஆஜர்

பெரும்பாலான இடங்களில் வழக்கமாக நடப்பது இதுதான். இதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணமும் இருக்கிறது. சிப்பாய் வானிலை பார்த்து வேலை செய்பவன் இல்லை, அந்தப் பழக்கம் சின்ன விஷயத்தில் உடைந்தால் பெரிய விஷயத்திலும் உடையும் என்று நினைக்கிறார்கள்.

இதைச் சொல்பவர்கள் உடனே சியாச்சினைக் காட்டுவார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் 19 மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். "அவன் அங்கே நின்றான், நீ இங்கே தூறலுக்கு லீவு கேட்கிறாயா?" என்று கேட்டால் யாருக்கும் வாய் எழாது.

ஆனால் மலையில் வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வானிலைக்கு ராணுவம் மிகக் கண்டிப்பாகக் கட்டுப்படும் இடமே அதுதான். பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்தச் சரிவில் நடமாட்டத்தை நிறுத்துவார்கள். கணவாய் மூடினால் கான்வாய் நகராது. ஹெலிகாப்டர் ஏறாது. இதற்கென்றே பனிச்சரிவை முன்கூட்டிச் சொல்ல டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) சண்டிகரில் ஓர் ஆய்வகமே வைத்திருக்கிறது. போஸ்டில் நிற்பவன் நிற்பான், ஆனால் தேவையில்லாமல் யாரையும் நடக்க விடமாட்டார்கள். காவல் வேறு, போக்குவரத்து வேறு என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அங்கே இருக்கிறது. சமவெளிக்கு இறங்கி வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போது சென்னையில் ஒரு யூனிட்டில் இருந்தேன். பள்ளி கல்லூரிகளுக்கு லீவு விட்டிருந்தார்கள். எங்களுக்கு எல்லாரும் ஆஜர் என்று உத்தரவு. காலையிலிருந்து ஒரு வேலையும் நடக்கவில்லை. கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஜன்னல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் வேலை. பரேட் ஸ்டேட் என்ற வருகைக் கணக்கில் அன்று "வரவேண்டியவர், வந்தவர்" இரண்டு எண்ணும் சரியாக இருந்தன. நான்தான் எழுதினேன்.

பிற்பகலில் காற்று சட்டென்று நின்றது. மேகம்கூட லேசாக வெளுத்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து, வீட்டுக்குப் போக அனுமதி கொடுத்தார்கள். பெரம்பூரில் குடி இருந்த நாயக் பதவிக்காரர் ஒருவர், கைக்குழந்தை வீட்டில் இருப்பதால், முதல் ஆளாகப் பைக்கை எடுத்தார். நின்றது புயல் இல்லை, புயலின் கண் எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது. அவர் வேப்பேரி தாண்டுவதற்குள் எதிர்த்திசையிலிருந்து காற்று திரும்பி அடித்தது. காலையில் ஒரு பக்கம் ஆடிய மரங்கள் இப்போது மறுபக்கம் சாய்ந்தன. ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் கிளை பைக்கோடு சேர்த்து அவரைத் தள்ளியது. காரை எலும்பு முறிந்து, ஒரு மதில் சுவரோரமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தார். செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. மறுநாள் மரம் அறுக்க ஆள் கேட்டபோது எங்களிடம் ஒருவர் குறைவு. அவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போனதால் இருவர் குறைவு. வந்திருந்த மற்றவர்களும் இரவெல்லாம் ஈரத் துணியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அதுதான். எழுத்தில் பலம் முழுதாக இருக்கும், உடம்பில் இருக்காது. இன்னொன்று லங்கர். ஐம்பது பேருக்குச் சமைக்கும் இடத்தில் திடீரென்று நூற்றிருபது பேர் இரவு மாட்டிக்கொண்டால் சமையல்காரரின் பாடு என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

இது எப்போது சரி? எல்லைப் பகுதியில், உஷார் நிலையில், அல்லது நிவாரணப் பணிக்கு உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டபோது. அப்போதும் ஆளைப் புயலுக்கு முந்தின நாளே உள்ளே கொண்டுவந்து படுக்கை கொடுத்துவிட வேண்டும்.

## வழி 2: சிவிலியனுக்கு லீவு என்றால் பட்டாளத்துக்கும் லீவு

தங்கச்சி கேட்டது இது. மனசுக்கு நியாயமாகப் படுகிறது. ஒரே அறை, ஒரே வேலை, ஒரே மழை.

அமெரிக்காவில் இந்த வாதம் அடிக்கடி எழும். வாஷிங்டனில் பனி கொட்டினால் மத்திய அலுவலகங்களை மூடிவிடுவார்கள். 2010 பிப்ரவரியில் தொடர்ந்து நான்கரை நாள் மூடினார்கள். ஒரு நாள் மூடினால் 7.1 கோடி டாலர் மதிப்புள்ள வேலை நின்றுபோகும் என்று அப்போது அவர்களே கணக்குச் சொன்னார்கள். அப்படி மூடினாலும் சீருடைக்காரர்களுக்கு அது தானாகப் பொருந்தாது. தளபதி தனியாகச் சொன்னால்தான் உண்டு. ஆர்லிங்டனில் பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்கு 1937 முதல் இரவு பகல் காவல் நிற்கிறது. நகரமே மூடினாலும் அங்கே ஒருவர் நடந்துகொண்டிருப்பார்.

மொத்தமாக லீவு விடுவதில் முதல் சிக்கல், அது உண்மையில் மொத்தமாக இருக்காது என்பது. வெளியே தங்குபவன் வீட்டில் இருப்பான். பாராக்கில் இருக்கும் பையனுக்கு "லீவு" என்று சொல்லிவிட்டு, மாற்று ஆள் வரவில்லை என்று கார்டில் இன்னொரு முறை நிறுத்துவார்கள். 24 மணி நேரம் 36 ஆகும். பிறகு விழுந்த கிளையைப் பொறுக்கவும் அவனையே கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன், கல்யாணம் ஆகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாருடைய மழையையும் அவன் நனைகிறான். நான் ரோஸ்டர் போட்ட வருஷங்களில் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெயரை எழுதுவது சுலபம்.

இரண்டாவது சிக்கல், திரும்பக் கூப்பிடுவது. 2015 டிசம்பர் 1-2 தேதிகளை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. விமான நிலையம் மூடி, பயணிகள் விமானங்களுக்கு அரக்கோணம் கடற்படைத் தளத்தைத் திறக்க வேண்டி வந்தது. அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால் இந்து ஆங்கில நாளிதழ் 1878-இல் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அச்சாகவில்லை. ஆள் எல்லாம் இருந்தார்கள், வேலை செய்யவும் தயாராக இருந்தார்கள், வழி இல்லை. அந்த நிலையில் நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிப்பாய்களைப் போன் போட்டுக் கூட்ட முடியாது. போன் டவரே படுத்துவிடும். வெள்ளத்தில் மாட்டிய மக்களுக்குப் படகு வேண்டும்போது படகுக்காரனே தன் வீட்டு மாடியில் நிற்பான்.

இது எப்போது சரி? பயிற்சி, ஆவணக் காப்பு, சம்பளக் கணக்கு போன்ற அலுவலகங்களில், அதுவும் ஒரு நாள் கனமழைக்கு, தாராளமாகச் செய்யலாம். ஃபைல் ஒரு நாள் காத்திருந்தால் எந்த நாடும் கவிழாது.

## வழி 3: பெயர் எழுதிய பட்டியல்

யார் வர வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று மழைக் காலம் தொடங்கும் முன்பே பெயரோடு எழுதிவிடுவது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது, அதற்குள் பட்டியல் போர்டில் இருக்க வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதை ஒழுங்காகச் செய்யும் இடங்கள் உலகத்தில் இருக்கின்றன. தென்கொரியாவில் இருக்கும் அமெரிக்கப் படைகள் சாலை நிலைமைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் வழக்கம்போல, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் அவசியப் பயணம் மட்டும், கறுப்பு என்றால் அவசர வண்டிகள் மட்டும். சிப்பாய் காலையில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்தால் போதும். அமெரிக்க விமானப்படைத் தளங்களில் சூறாவளிக்கு 5-இலிருந்து 1 வரை இறங்கும் நிலைகள் உண்டு. எண் இறங்க இறங்க யார் கிளம்ப வேண்டும், எதைக் கட்டி வைக்க வேண்டும் என்பது முன்பே எழுதப்பட்டிருக்கும்.

2018-இல் ஒரே மாதத்துக்குள் அங்கே நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பரில் ஃபுளோரன்ஸ் சூறாவளி வட கரோலினாவைத் தாக்கியது. அங்கிருக்கும் கேம்ப் லெஜூன் மரீன் தளத்தில் கட்டாய வெளியேற்றம் அறிவிக்கவில்லை. போக விரும்புபவர்கள் போகலாம் என்று விட்டார்கள். குடும்பங்கள் பல குழம்பின, பொதுவெளியில் பெரிய வாக்குவாதம் ஆனது. அக்டோபர் 10 அன்று மைக்கேல் சூறாவளி புளோரிடாவின் டின்டால் விமானத் தளத்தை நேராகத் தாக்கியது. அங்கே முன்பே எல்லாரையும் வெளியேற உத்தரவிட்டு, ஒரு சின்னக் குழுவை மட்டும் தங்க வைத்தார்கள். தளத்தின் கட்டடங்கள் அநேகமாக எல்லாமே சேதமாயின. தங்கியிருந்த குழுவினர் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பழுது காரணமாகப் பறக்க முடியாமல் விட்டுச் சென்ற போர் விமானங்கள்தான் அடிவாங்கின. விமானத்தைச் சரி செய்துகொள்ளலாம்.

கேம்ப் லெஜூன் தளபதி தரப்பிலும் காரணம் இல்லாமல் இல்லை. வெளியேறும் சாலைகள் நெரிசலில் மாட்டினால் அதுவே ஆபத்து, தளத்துக்குள் உறுதியான கட்டடமும் சாப்பாடும் இருக்கிறது என்பது அவர் பக்கம். அதையும் நான் மதிக்கிறேன். ஆனால் "நீயே முடிவு செய்துகொள்" என்று சிப்பாயிடம் விடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று யோசித்தே அவன் முடிவு எடுப்பான். வானத்தைப் பார்த்து எடுக்க மாட்டான்.

பட்டியலுக்கும் மறைமுகச் செலவு உண்டு. முதலாவது, பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். அக்டோபரில் எழுதிய பெயரில் ஒருவர் நவம்பரில் போஸ்டிங் போயிருப்பார், ஒருவர் ஆண்டு விடுப்பில் இருப்பார். வாரம் ஒரு முறை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். இரண்டாவது, வழக்கமாக அதே ஆட்கள் மாட்டுவார்கள். ஜெனரேட்டர் தெரிந்தவர் இரண்டே பேர் என்றால் எல்லாப் புயலுக்கும் அந்த இரண்டு பேர்தான். மூன்றாவது ஆளுக்குக் கற்றுக்கொடுக்காத வரை இது தீராது. மூன்றாவது கொஞ்சம் மனசு சம்பந்தப்பட்டது. "அவசியம் இல்லாதவர்" என்ற தலைப்பின் கீழ் தன் பெயரைப் பார்க்க எந்தச் சிப்பாய்க்கும் பிடிக்காது. அதனால் அந்தச் சுபேதாரிடம் நான் சொன்னது: "தலைப்பை மாத்துங்க சாப். முதல் நாள் அணி, மறுநாள் அணி என்று எழுதுங்க." வீட்டில் இருப்பவன் ஓய்வு எடுக்கவில்லை, மறுநாளுக்காகக் காத்திருக்கிறான். உண்மையும் அதுதானே.

கஜா புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா முழுக்க மறுபடி கம்பம் நட்டவர்களில் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் ஏராளம். புயலில் அலைந்து ஓய்ந்துபோகாத கைகள் அவை. பட்டாளத்துக்கும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன்.

## வழி 4: இன்று வா, பிறகு ஈடு செய்கிறோம்

மழை நாளில் வந்தவனுக்கு அப்புறம் ஒரு நாள் ஓய்வு. கேட்க நன்றாக இருக்கும். தனியாக நின்றால் இது பலவீனமான வழி, ஏனென்றால் வழியில் இருக்கும் ஆபத்தை இது கொஞ்சமும் குறைப்பதில்லை. எலும்பு முறிந்தவனுக்கு ஈடு நாள் எதற்கு?

நடைமுறையில் இன்னொரு குறை, வாய்மொழியாகச் சொல்லப்படும் ஈடு நாள் வராமலே போய்விடும். இன்ஸ்பெக்ஷன் வரும், பிறகு வருஷக் கடைசி வேலை வரும், பிறகு அவனுக்கே போஸ்டிங் வந்துவிடும். டெய்லி ஆர்டரில் (யூனிட்டின் அன்றாட உத்தரவில்) தேதியோடு ஏறாத எந்த வாக்குறுதியையும் நான் நம்பமாட்டேன். ஆனால் மூன்றாம் வழியோடு சேர்த்தால் இது அருமையாக வேலை செய்யும். முதல் நாள் அணிக்குப் புயல் முடிந்த பத்து நாளுக்குள் இரண்டு நாள் ஓய்வு என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால், பாராக் பையனின் மனக்குறை பாதி தீரும்.

வீட்டிலிருந்து வேலை, தாமதமாக வருவது என்று வேறு இரண்டு யோசனைகளும் சொல்வார்கள். முதலாவது ராணுவ ஆவணங்களுக்கு ஒத்துவராது, அந்தக் கணினிகளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இரண்டாவது, காலை மழை மதியம் விடும் என்று உறுதியாகத் தெரிந்த நாளில் மட்டும் பயன்படும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | எல்லாரும் ஆஜர் | எல்லாருக்கும் லீவு | பெயர்ப் பட்டியல் | ஈடு நாள் |
|---|---|---|---|---|
| நிற்கக் கூடாத வேலை | நடக்கும் | மாற்று ஆள் சிக்கல் | நடக்கும் | நடக்கும் |
| வழியில் ஆபத்து | மிக அதிகம் | இல்லை | சிலருக்கு மட்டும், அவர்களும் முந்தின நாளே உள்ளே | மிக அதிகம் |
| மறுநாள் தயார்நிலை | ஆள் உண்டு, தெம்பு இல்லை | தெம்பு உண்டு, கூட்ட முடியாது | இரண்டும் உண்டு, கூடுமிடம் குறித்திருந்தால் | ஆள் களைத்திருப்பான் |
| வீடு | தனியாக விடப்படும் | நல்லது | பெரும்பாலோருக்கு நல்லது | தனியாக விடப்படும் |
| நியாயம் | வெளியே தங்குபவனுக்குச் சுமை | உள்ளே தங்குபவனுக்குச் சுமை | சுழற்சி இருந்தால் நியாயம் | எழுத்தில் இருந்தால் நியாயம் |

"கூடுமிடம்" என்று போட்டிருப்பதை விளக்க வேண்டும். போன் செத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில், போனை நம்பாமல் இருப்பதுதான். மறுநாள் அணிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்: காற்று நின்று, மறுநாள் விடிந்த பிறகு காலை எட்டு மணிக்கு, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு மேட்டு இடத்தில் கூட வேண்டும், யூனிட் வண்டி அங்கே வரும். அம்பத்தூர், ஆவடி பக்கம் குடி இருப்பவர்களுக்கு ஓர் இடம், தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஓர் இடம். தனித்தனியாகப் பைக்கில் தண்ணீரில் இறங்குவதைவிட ஒரு டிரக்கில் பத்துப் பேர் வருவது எவ்வளவோ பாதுகாப்பு.

## எந்த யூனிட்டுக்கு எது

ஆள் பெரும்பாலும் உள்ளேயே தங்கும் இடம் என்றால் இந்தக் கேள்வியே சின்னதுதான். பட்டியலில் சுழற்சியை மட்டும் கவனித்தால் போதும். சென்னை போல வெளியே தங்குபவர்கள் நிறைந்த இடத்தில் மூன்றும் நான்கும் சேர்ந்த வழி. பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் சின்ன அலுவலகத்துக்குப் பட்டியல் எல்லாம் அதிகம், அங்கே நேராக லீவு விட்டுவிட்டு, பூட்டுச் சாவி யாரிடம் என்று மட்டும் எழுதி வைக்கலாம். வெள்ளப் படகும் பொறியாளர் கருவிகளும் உள்ள யூனிட்டுகள் தனி ரகம். அவர்களுக்கு வானிலை மையத்தின் எச்சரிக்கை வந்த நேரத்திலிருந்தே லீவு என்ற பேச்சு இல்லை. அவர்கள் குடும்பங்களுக்குத்தான் அன்று வேறு யாராவது துணை நிற்க வேண்டும்.

சுபேதார் சாப் தன் வரைவை எனக்குக் காட்டினார். முதல் நாள் அணியில் பதினெட்டுப் பேர், அதில் பதினொரு பேர் பாராக் பையன்கள். "இதை ஒன்பது ஒன்பதா ஆக்குங்க, வெளியே தங்கறவங்க முந்தின நாள் சாயங்காலமே உள்ளே வந்து படுக்கட்டும்" என்றேன். லங்கருக்கு மூன்று நாள் அரிசி, கேஸ் கூடுதலாகக் கேட்கச் சொன்னேன். புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதியில் யாரையும் வெளியே விடக் கூடாது, புயல் கரையைக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொன்ன பிறகும் இரண்டு மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்.

தங்கச்சிக்குச் சொன்னது வேறு. கணவருடைய யூனிட்டில் வெளியே தங்குபவர்களின் விவரப் பதிவேடு ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் முகவரியும் போன் நம்பரும் மட்டும்தான் இருக்கும். தரைத்தள வீடு, போன வருஷம் தண்ணீர் புகுந்தது, இரண்டு சின்னக் குழந்தைகள், பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை என்பதை அதில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ரோஸ்டர் போடுபவன் கையில் அது இருந்தால் பெயரை எந்த அணியில் எழுதுவது என்று யோசிப்பான். இல்லாவிட்டால் அவனுக்கு அது வெறும் நம்பர். இந்த வாரமே கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார், பக்கத்து வீட்டு மாடிக்காரரிடமும் பேசி வைத்திருக்கிறாராம்.